டியூப் இல்லாத டயர் நமக்கு வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன், பொருள் மிதிவண்டி டயர் என்று நான் சொன்னபோது வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். “ஏனப்பா, காதல், சமுதாயம், வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாம் தீர்ந்து போய்விட்டதா?” என்று ஒருவன் கேட்டான். தீரவில்லைதான். ஆனால் அவற்றைப் பற்றி எழுத நம் கல்லூரியில் வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். டயரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்பது என் எண்ணம். காரணம், என் தந்தையார் முத்தியால்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கல்லூரி விட்டதும் நான் போய் உட்காருவது அங்கேதான். சென்ற ஆண்டு வரை இதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. “அப்பா என்ன செய்கிறார்?” என்றால் “சொந்தத் தொழில்” என்று சொல்லி நழுவிவிடுவேன். பங்க்சர் ஒட்டுகிறார் என்று இப்போது சொல்லிவிட்டேன். இனிக் கட்டுரைக்கு வருவோம்.

நம் கடைக்கு மூன்று வகை வண்டிகள் வரும். முதலாவது, கறுப்பு வண்ணத்தில், இரும்புக் கேரியர் வைத்து, பால்காரரும் பூக்காரரும் கொத்தனாரும் ஓட்டும் பழைய பெரிய சைக்கிள். இரண்டாவது, ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும். இவைதாம் இன்று கடையின் வருமானத்தில் பெரும்பகுதி. மூன்றாவது, சில ஆண்டுகளாக வரத் தொடங்கியிருக்கும் பந்தய வகைச் சைக்கிள். வளைந்த கைப்பிடி, விரற்கடை அகலத்தில் டயர், ஒரு கையால் தூக்கிவிடலாம் போன்ற எடை. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை நம் கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. விடியற்காலையில் அங்கே போய் நின்றால் இந்த வண்டிகளைக் காணலாம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து, காலாப்பட்டைத் தாண்டி, மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. ஆடாக்ஸ் இந்தியா என்னும் அமைப்பின் வழியாக 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடித்துச் சான்று பெறுகிறவர்களும் உண்டு. இவர்களில் பலர் இப்போது கடைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “டியூப்லெஸ் போடலாமா? எந்த டயர் நல்லது?”

அந்தக் கேள்விக்கு என் கருத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். டயரை வேகத்தால் அளக்கிறார்கள், உழைப்பால் அளக்கிறார்கள், சக்கரத்தில் பொருந்துவதால் அளக்கிறார்கள். விளம்பரங்களில் இந்த வரிசையில்தான் வருகிறது. நம் ஊருக்கு இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் துணிபு.

டியூப் இல்லாத டயர் என்றால் என்ன என்பதை மிதிவண்டி ஓட்டாத நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண டயருக்குள் ரப்பர் டியூப் இருக்கிறது. காற்றைப் பிடித்து வைப்பது டியூபின் வேலை, தரையில் தேய்வது டயரின் வேலை. டியூபை எடுத்துவிட்டால் டயரும் ரிம்மும் சேர்ந்தே காற்றைப் பிடிக்க வேண்டும். ஆகவே ரிம்மில் போக்ஸ் கம்பிகளுக்காகப் போட்ட துளைகளை ஒரு நாடாவால் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். டயரின் ஓரத்துக் கம்பி ரிம்மின் பள்ளத்தில் இறுக உட்கார வேண்டும். உள்ளே சீலன்ட் என்னும் பால் போன்ற திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் அந்தத் திரவம் துளைக்குள் ஓடி உறைந்து அடைத்துக்கொள்ளும். பல சீலன்ட்டுகளுக்கு அடிப்படை ரப்பர் பால்தான். நம் உடம்பில் காயம் பட்டால் குருதி உறைவதைப் போன்ற ஏற்பாடு. இந்த முறை 1999-ல் மலைச் சைக்கிள்களுக்கு வந்தது. 2006-ல் ஹட்சின்சன் என்னும் பிரெஞ்சு நிறுவனமும் ஷிமானோ என்னும் ஜப்பானிய நிறுவனமும் சேர்ந்து சாலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தன. ஸ்கூட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் இதையெல்லாம் அறிவார்கள். ஆனால் ஸ்கூட்டர் டயரில் காற்று முப்பது பவுண்டு சுற்றிலும்தான் இருக்கும். சைக்கிளில் அதைப் போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும். சங்கடம் அங்கேதான் பிறக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார் என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அவருக்கு முன்பே 1845-ல் தாம்சன் என்பவர் காற்று டயருக்கு உரிமம் பெற்றுவிட்டார். அது வேறு கதை. டன்லப் டயர் மெத்தென்று வேகமாக ஓடியது. ஆனால் அது ரிம்மோடு பசை போட்டு ஒட்டப்பட்டது. 1889-ல் பிரான்சு நாட்டின் கிளர்மோன் ஃபெராந்தில் இருந்த மிஷ்லின் சகோதரர்களின் ரப்பர் ஆலைக்கு ஒருவர் பங்க்சரான டன்லப் டயரைக் கொண்டுவந்தார். கழற்றி ஒட்டுவதற்கு மூன்று மணி நேரம். பசை காய ஓர் இரவு. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் காற்றுப் போய்விட்டது. இதைக் கண்ட எதுவார் மிஷ்லின், எளிதாகக் கழற்றி மாட்டும் டயரைச் செய்யப் புகுந்தார். 1891-ல் உரிமம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் என்னும் வீரர் மிஷ்லின் டயரோடு ஏறத்தாழ 1200 கிலோமீட்டரை மூன்று நாளில் ஓட்டி முதலில் வந்தார். அடுத்த ஆண்டு மிஷ்லின் தாமே பாரிசிலிருந்து தம் ஊர் வரை ஒரு பந்தயம் நடத்தினார். தம் டயரை எவ்வளவு விரைவாகச் சரி செய்யலாம் என்று காட்டுவதற்காக வழியில் ஆணிகளைத் தூவச் செய்தார் என்று சொல்வார்கள். பங்க்சர் கடைக்காரர்களே ஆணி போடுகிறார்கள் என்று எங்கள்மேல் பழி சொல்லும் அன்பர்கள், அந்தப் புகழ் எங்களுக்கு உரியதன்று என்பதை அறிய வேண்டும்!

நான் இக்கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிஷ்லின் டன்லப்பை வென்றது வேகத்தால் அன்று. டன்லப் டயரும் வேகமானதே. வழியில் நின்றுபோனால் சாதாரண மனிதன் சாதாரணக் கருவியால் சரி செய்துகொள்ள முடிந்ததே, அதனால் வென்றார். இன்றைய டியூப்லெஸ் டயரை நாம் எடை போடும்போது இந்தக் கேள்வியை முன்னால் வைக்க வேண்டாமா?

முதலில் வேகம். டயர் உருளும்போது தரையில் பட்ட இடம் நசுங்கி மீண்டும் எழுகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. டயருக்கும் டியூபுக்கும் இடையே உராய்வும் உண்டு. டியூப் இல்லையென்றால் அந்த இழப்பு குறைகிறது. காற்றையும் சற்றுக் குறைத்து வைக்கலாம், மேடு பள்ளத்தில் வண்டி குதிக்காது. இதெல்லாம் உண்மை. எவ்வளவு குறைகிறது என்பதே கேள்வி. ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ என்று கொள்வோம். நல்ல சாலை டயருக்கு உருளல் உராய்வுக் கெழு 0.004 அளவில் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 300 கிராம் எடைக்குச் சமமான விசைதான் வருகிறது. டியூபை எடுத்தால் அதில் 30, 40 கிராம் குறையலாம். 50 கிராம் குறைந்தால் பெரிது. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவனைக் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை, நிமிர்ந்து உட்கார்ந்தால், ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமம்! முதுகை வளைத்துக் குனிந்தாலே டயர் மிச்சப்படுத்துவதைப் போல் பல மடங்கு மிச்சமாகும். அதற்குக் காசு வேண்டாம்.

கணக்கோடு நிற்காமல் சோதனையும் செய்து பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நண்பனின் பந்தயச் சைக்கிளைக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய், காந்தி சிலைக்கு நேரே வந்ததும் மிதிப்பதை நிறுத்தி, வண்டி எங்கே போய் நிற்கிறது என்று சாக்குக் கட்டியால் கோடு போட்டோம். முதலில் டியூபோடு, பிறகு டியூப் இல்லாமல். கடற்காற்று ஒரு முறை பின்னாலிருந்து தள்ளியது, ஒரு முறை பக்கவாட்டில் அடித்தது. ஒரே டயரில் இரண்டு ஓட்டத்திற்கு இடையே வந்த வேறுபாடு, இரண்டு டயர்களுக்கு இடையே வந்ததைவிட அதிகம். இப்படி ஓர் அளவீட்டை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனால் எங்கள் ஆசிரியர் கையெழுத்திட மாட்டார். எங்கள் கருவி பருமட்டானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கடற்காற்று அழித்துவிடக் கூடிய வேகத்திற்காக நாம் பணம் கொடுக்கிறோம் என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கியது. நேரத்தை நொடியில் எண்ணும் பந்தய வீரருக்கு அந்த 40 கிராம் பெரிது. கல்லூரிக்கு வருகிறவனுக்கும், பதின்மூன்றரை மணி நேரம் கொடுத்து ஓட்டச் சொல்லும் 200 கிலோமீட்டர் ஓட்டத்திற்கும் அது பெரிதன்று.

அடுத்து உழைப்பு. இங்கே டியூப்லெஸ் டயருக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன். காரணம், சீமைக் கருவேலம். நம் ஊரைச் சுற்றி ஏரிக் கரைகளிலும் சாலை ஓரங்களிலும் அதன் முள் உதிர்ந்து கிடக்கிறது. ஊசுட்டேரிப் பக்கம் போய்த் திரும்பிய ஒரு வண்டியின் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தால் ஓரிடத்தில் அன்று, நாலைந்து இடங்களில் குமிழி வரும். ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது காயும் வரை பொறுத்து, பேட்ச் ஒட்டித் தட்ட வேண்டும். இத்தகைய சிறு துளைகளைச் சீலன்ட் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே அடைத்துவிடுகிறது. ஒரு டயரைப் பழுது பார்க்கக் கழற்றியபோது உள்ளே உடைந்த முள் முனைகள் ஒன்பது எண்ணினேன். ஓட்டியவர் ஒன்றைக்கூட அறிந்திருக்கவில்லை.

ஆனால் சீலன்ட் என்றும் திரவமாக இருப்பதில்லை. நம் சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடுகிறது. மறுபடி ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தால் டியூபும் இல்லை, பாலும் இல்லை. கண்ணாடித் துண்டு கிழித்த கிழிசலைச் சீலன்ட் அடைக்காது. ஸ்கூட்டருக்குச் செருகுவதைப் போல் ரப்பர் திரி செருக வேண்டும். அதற்கும் அடங்காத கிழிசல் என்றால், மரக்காணம் சாலையில் வெயிலில் நின்றுகொண்டு, கை எல்லாம் பால் வழிய, இறுகிய டயரை நெம்பி, உள்ளே ஒரு டியூபைப் போட வேண்டும். ஆக, டியூப்லெஸ் ஓட்டுகிறவரும் பையில் ஒரு டியூப் வைத்திருக்க வேண்டும் என்பதே வேடிக்கை. கடற்கரை ஊருக்கு உப்புக்காற்றும் ஒரு பகை. சீலன்ட்டும் உப்பும் சேர்ந்து வால்வின் திருகைப் பிடித்துக்கொண்டதால் குறடு போட்டுத் திருகி உடைத்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

டயரின் துணியைப் பற்றியும் ஒரு சொல். பருத்தி இழையால் நெய்த மெல்லிய டயர், விட்டோரியா கோர்சா போன்றது, கை போட்டாலே வளையும், ஓட்டத்திற்கு இனிமை. ஆனால் நம் ஜல்லிக் கல்லுக்கு அது மல்லுவேட்டி மாதிரி. நைலான் துணியில் கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000 பெயர் பெற்றது. 2018-ல் வந்த அதன் முதல் டியூப்லெஸ் வடிவத்தை மாட்டுவதற்குள் பெருவிரல் நகம் பெயர்ந்துவிடும் என்று பலர் புலம்பினார்கள். 2021-ல் வந்த வடிவம் எடை குறைந்தது, அத்தனை பிடிவாதம் இல்லை. அதே டயரின் டியூப் போடும் வடிவத்தின் துணியில் அங்குலத்திற்கு 330 இழை என்று குறிப்பிடுவார்கள். உண்மையில் 110 இழை கொண்ட மூன்று அடுக்கு, கூட்டிச் சொல்கிறார்கள். மூன்று வேட்டியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நூல் நயம் பேசுவதற்கு ஒப்பானது இது. டயர் நல்ல டயர்தான். நான் குறை கூறுவது கணக்கை மட்டுமே. ஒன்றின் விலை ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல். பால்காரரின் முழுச் சைக்கிளின் விலை அதற்கு அருகில் வந்து நிற்கும்.

இனி மூன்றாவது, பொருத்தம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

‘இருபத்தெட்டு இஞ்ச் டயர் கொடு’ என்று கேட்டு வாங்கிப் போய், மாட்ட முடியாமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பெயர் ஒன்று, அளவு வேறு. பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்குக் கம்பி உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். பந்தயச் சைக்கிளின் 700 சி என்னும் டயருக்கு அது 622. இரண்டையும் உலகம் இருபத்தெட்டு அங்குலம் என்றே அழைத்து வந்திருக்கிறது. வேறுபாடு 13 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒன்று மற்றொன்றில் பொருந்தவே பொருந்தாது.

இந்த 700 சி என்பது பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். வெளி விட்டம் ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் வர வேண்டும்; டயர் மெலிந்தால் ‘ஏ’, நடுத்தரமானால் ‘பி’, பருத்தால் ‘சி’ என்று பிரித்தார்கள். டயர் பருக்கப் பருக்க ரிம் சிறுக்கும் அல்லவா? ஆகவே ஏ-க்கு 642, பி-க்கு 635, சி-க்கு 622. இப்போது அந்த 635-ஐப் பாருங்கள். நம் பால்காரர் ஓட்டும் கறுப்புச் சைக்கிளின் சக்கரம் பிரெஞ்சு மொழியில் 700 பி! இங்கிலாந்துப் பெயரோடு இங்கே உலவினாலும் அளவால் அது பிரான்சின் அளவே. புதுச்சேரிக்காரனான எனக்கு இதைக் கண்டபோது வீட்டுப் பரணில் பழைய பத்திரம் ஒன்று கிடைத்ததைப் போல் இருந்தது. அதே போல், 26 × 1½ என்னும் பழைய அளவு பிரெஞ்சில் 650 பி. கம்பி விட்டம் 584. இன்று மலைச் சைக்கிள் விற்கும் கடையில் 27.5 என்னும் புதுப் பெயரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெயரை நம்பாதீர்கள், டயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள் என்பதே நான் எல்லாரிடமும் சொல்வது.

விட்டம் சரியாக இருந்தாலும் பொருத்தம் முடிந்துவிடுவதில்லை. ரிம்மின் ஓரத்தில் உட்பக்கமாக ஒரு சிறு கொக்கி இருக்கும். டயர் கழன்று ஓடாமல் அது பிடித்துக்கொள்ளும். அண்மைக் காலத்தில் சில நிறுவனங்கள் கொக்கி இல்லாத ரிம் செய்கின்றன. செய்வது எளிது, எடையும் குறைவு. ஆனால் அதற்கென்று ஒப்புதல் பெற்ற டயரைத்தான் மாட்ட வேண்டும். காற்று 5 பார், அதாவது 72 பவுண்டைத் தாண்டக் கூடாது. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த பந்தயத்தில் தாமஸ் டி கெண்ட் என்னும் பெல்ஜிய வீரர் விழுந்தபோது, முன் சக்கரத்து டயர் கொக்கியில்லாத ரிம்மை விட்டுக் கழன்று தொங்கியது. ரிம் காரணமா, வழியில் இடித்த கல் காரணமா என்று பெரும் விவாதம் நடந்தது. அவருக்குப் பின்னால் காரில் மெக்கானிக் வந்தார். நமக்கு யார் வருவார்?

இந்த விவாதத்தைப் படிப்பதற்கு முன்பே நான் இந்தப் பாடத்தைக் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. ஒரு மாலையில் அன்பர் ஒருவர் புதுச் சக்கரமும் புது டயரும் கொண்டுவந்து, மறுநாள் விடியற்காலையில் 200 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் போக வேண்டும், மாட்டிக் கொடுங்கள் என்றார். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுல என்னமோ எழுதியிருக்கே, என்னன்னு பாரு” என்றார்.

“எல்லாம் ஒண்ணுதாம்பா. சைஸ் சரியா இருக்கு” என்றேன் நான்.

கம்பி உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தது. கம்ப்ரசரில் காற்றை ஏற்றினேன். எங்கள் கடையின் மீட்டர் பழையது. தொண்ணூறு காட்டியபோது உண்மையில் எவ்வளவு இருந்ததோ! பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம். டயர் ரிம்மை விட்டுப் பறந்தது. அப்பாவின் முகம், சட்டை, சுவரில் மாட்டியிருந்த தாத்தா படம் எல்லாம் வெள்ளைப் பால். நல்லவேளை, கண்ணை மூடியிருந்தார். குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அன்பர் பெருந்தன்மையானவர், “பரவால்லண்ணே, விடுங்க” என்றார். அப்பா விடவில்லை. கம்பி இளகிப் பயனற்றுப் போன டயரின் விலையில் பாதியை என் செமஸ்டர் கட்டணத்திற்கென்று வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கட்டணத்தை அபராதத்தோடு கட்டினேன்.

டயரைத் துடைத்துப் பார்த்தேன். கொக்கியில்லாத ரிம்முக்கு இத்தனை பவுண்டுக்கு மேல் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தது. ரிம்மிலும் ஒட்டியிருந்தது. இரவு கடை அடைக்கும்போது அப்பா ஒரே கேள்வி கேட்டார்.

“எழுதியிருக்குன்னு நான் சொன்னேன்ல. நீ படிச்சியா?”

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கடையில் நான் ஒருவன்தான்.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, டயரின் துணியில் ஏற்படும் இழுவிசை காற்றழுத்தத்தையும் டயரின் பாதி அகலத்தையும் பெருக்கினால் வரும், நீயே போட்டுப் பார் என்றார். 28 மில்லிமீட்டர் டயரில் 90 பவுண்டு ஏற்றினால் கம்பியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 9 கிலோ எடையின் இழுப்பு; 60 பவுண்டில் 6 கிலோ. இதைவிட எனக்கு வியப்பளித்தது, பால்காரரின் 40 மில்லிமீட்டர் டயரில் 40 பவுண்டு ஏற்றினாலே அதே 6 கிலோவை நெருங்கிவிடுகிறது என்பது. ஆக, அகலமான டயருக்குக் காற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அப்பா பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, “பெரிய டயருக்குப் போதும், சின்னதுக்கு இன்னும் ரெண்டு அடி” என்று சொல்வதற்குள் இந்தப் பெருக்கல் ஒளிந்திருக்கிறது. நாற்பது ஆண்டு அந்த விரல் தவறியதில்லை. தவறியது புதிதாக வந்த கொக்கியில்லாத ரிம்மில்தான். அதுவும் விரலை நம்பாமல் மீட்டரை நம்பி நான் ஏற்றியபோது.

இப்போது என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டியூப்லெஸ் வேண்டாம் என்பது என் கட்சி அன்று. வாரந்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர், முள் நிறைந்த வழியில் போகிறவர், மூன்று மாதத்திற்கு ஒரு முறை சீலன்ட்டைப் பார்க்கும் பொறுமை உள்ளவர், 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகலத்தில், கொக்கியுள்ள ரிம்மில், இறுக்கமில்லாத டயராகப் பார்த்துப் போடட்டும். மெல்லிய பருத்தி டயரையும் கொக்கியில்லாத ரிம்மையும் பின்னால் கார் வரும் வீரர்களுக்கு விட்டுவிடலாம். எப்போதாவது ஓட்டுகிறவருக்கு நல்ல டயரும் சாதாரண டியூபும் போதும். டியூப் மாற்றப் பத்து நிமிடம். கிராமத்து டீக்கடைக்குப் பக்கத்துக் கடையிலும் ஒட்டித் தருவார்கள். முப்பது நாற்பது ரூபாய். கல்லூரிக்கு வரும் நண்பர்களுக்கு இந்தக் கேள்வியே எழ வேண்டியதில்லை. வண்டியில் காற்று இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்தாலே பாதிப் பங்க்சர் குறையும்.

பங்க்சர் கடைக்காரன் மகன், தொழில் போய்விடும் என்று பயந்து எழுதுகிறான் என்று ஒரு நண்பன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அவனுக்குப் பதில்: ஸ்கூட்டருக்கு டியூப்லெஸ் வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். அப்பா ஒரு வாரத்தில் திரி செருகக் கற்றுக்கொண்டார். கம்ப்ரசர் வந்ததும் அப்போதுதான். சைக்கிள் டியூப்லெஸ்ஸையும் கற்றுக்கொள்வார். பயிற்சியும், சரியான மீட்டரும், தமிழில் எழுதிய குறிப்பும் யாராவது கொடுக்க வேண்டும். ஐந்தாயிரம் ரூபாய் டயரோடு வரும் எச்சரிக்கைத் தாளில் பத்து மொழிகள் இருக்கின்றன. தமிழை நான் அதில் கண்டதில்லை. அந்த டயரை மாட்டும் கை மட்டும் தமிழ்க் கையாக இருக்கிறது.

தீபாவளிக்குப் பிறகு முந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு புது மீட்டர் வாங்கினோம். கடைச் சுவரில் தாத்தா படத்திற்குக் கீழே ஒரு பலகை மாட்டி, வெள்ளைச் சாயத்தில் நான் எழுதினேன்: 635, 622, 590, 584. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே எந்த வண்டி, எத்தனை பவுண்டு என்று தமிழில். கொக்கியில்லாத ரிம் என்றால் சிவப்புச் சாயத்தில் 72, அதற்கு மேல் ஒரு பெருக்கல் குறி. அப்பா எண்களைப் படிப்பார். போன வாரம் அதே அன்பர் பின் சக்கரத்தைக் கொண்டுவந்தார். அப்பா டயரைத் துணியால் துடைத்து, கண்ணுக்கு அருகில் வைத்து எண்ணைப் பார்த்து, பலகையைப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

“எண் சரியா இருக்கு. எழுத்தை நீ படி.”

படித்தேன். முழுவதும் படித்த பிறகுதான் கம்ப்ரசரைப் போட்டார்.